தந்தி வித்தகர் போதோ

உயர்ந்த பட்டம் பெற்றவரே புதியன காண வல்லவர் என்று கருதுவார் பலர். அஃது உண்மையன்று. கண்முன் நிகழ்வதைக் கூர்ந்து நோக்கும் பழக்கமும், எடுத்த செயலை முடிக்கும் உறுதியும் உடையவர், எக்குடியில் பிறப்பினும் எவ்வூரில் வளரினும், உலகம் போற்றும் செயலை ஆற்றுவர். ஏர் பிடித்த கையோடு தந்தி அலுவலகத்துள் நுழைந்து, உலகத் தந்தி முறையையே மாற்றியமைத்த எமில் போதோ அத்தகையோருள் ஒருவர். இன்று கணிப்பொறியிலும் கைப்பேசியிலும் இயங்கும் நுண்ணிய மின்சுற்றுகள் பலவற்றுக்கு அடிப்படையான இரண்டு கருத்துகளைப் பித்தளைத் துண்டுகளாலும் மின்காந்தங்களாலும் அக்காலத்திலேயே இயக்கிக் காட்டியவர் அவர்.

இளமை

பிரான்சு நாட்டின் வடகிழக்குப் பகுதியில் மாஞோ என்னும் சிற்றூர் ஒன்று உண்டு. அவ்வூரில் 1845ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 11ஆம் நாள் போதோ பிறந்தார். அவர் தந்தை ஓர் உழவர். அரியலூர்ப் பகுதியிலுள்ள ரெட்டிபாளையம் போன்ற நம் சிற்றூர்களில் உழவர் வீட்டுப் பிள்ளைகள் எவ்வாறு வளர்ந்தனரோ, அவ்வாறே போதோவும் வளர்ந்தார். ஊர்த் தொடக்கப் பள்ளியில் எழுத்தும் கணக்கும் கற்றார். அவர் பெற்ற பள்ளிக் கல்வி அவ்வளவே. அதன்பின் தந்தையோடு நிலத்தில் உழைத்தார்.

எனினும் நிலத்தோடு அவர் வாழ்க்கை நின்றுவிடவில்லை. 1869ஆம் ஆண்டு பிரெஞ்சு அரசின் தந்தித் துறையில் பயிற்சித் தொழிலாளியாகச் சேர்ந்தார். கல்லூரியின் வாயிலை மிதியாத அவருக்குத் தந்தி அலுவலகமே கல்லூரி ஆயிற்று; அங்கிருந்த கருவிகளே நூல்கள் ஆயின.

தந்திப் பயிற்சி

அக்காலத்தில் தந்தி அனுப்பப் பெரிதும் பயன்பட்டது மோர்சு முறை ஆகும். அம்முறையில் குறுமின்னோட்டம் புள்ளியாகும், நெடுமின்னோட்டம் கோடாகும். புள்ளியும் கோடும் சேர்ந்து எழுத்துகளைக் குறிக்கும். செய்தியை அனுப்புபவர் ஒரே விசையை விட்டுவிட்டு அழுத்துவார். மறுமுனையில் இருப்பவர் அக்குறிகளைக் கேட்டோ கண்டோ எழுத்தாக மாற்றி எழுதுவார். இதற்கு நெடுநாட் பயிற்சி வேண்டும். சிறிது கவனம் தவறினும் செய்தி பிழைபடும்.

இக்குறையைப் போக்க டேவிட் ஹியூசு என்பவர் அச்சுத் தந்திக் கருவி ஒன்றை அமைத்திருந்தார். பியானோ இசைக்கருவியைப் போன்ற விசைப்பலகை அதற்கு உண்டு. அதில் ஒரு விசையை அழுத்தினால் மறுமுனையில் அதற்குரிய எழுத்துத் தாளில் அச்சாகும். போதோ முதலில் மோர்சு முறையைக் கற்றார். பின்னர் ஹியூசு கருவியைப் பயில நான்கு திங்கள் அனுப்பப்பட்டார். எழுத்தை மனிதர் எழுதாமல் கருவியே அச்சிடும் அவ்வியப்பு அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது.

1870ஆம் ஆண்டு பிரான்சுக்கும் பிரசியாவுக்கும் போர் மூண்டது. போதோ சிறிது காலம் படைப்பணி ஆற்றினார். 1872ஆம் ஆண்டு மீண்டும் பாரிஸ் மாநகர்த் தந்திப் பணிக்குத் திரும்பினார்.

கம்பியின் ஓய்வு

அந்நாளில் தந்தித் துறையை வருத்திய சிக்கல் ஒன்று இருந்தது. நாளுக்கு நாள் செய்திகள் பெருகின. வணிகரும் செய்தித்தாள் நடத்துவோரும் அரசினரும் தந்தியையே நாடினர். ஆனால் ஒரு கம்பியில் ஒரு சமயத்தில் ஒருவர் செய்தியே சென்றது. செய்திகள் மிகுந்தால் கம்பிகளும் மிகுதல் வேண்டும். பல நூறு கிலோமீட்டர் தொலைவுக்குக் கம்பம் நட்டுக் கம்பி இழுப்பது எளிதோ? அதற்காகும் பொருட்செலவு பெரிது, காலமும் நெடிது.

நாள்தோறும் கருவியின் அருகிருந்த போதோ இதனை வேறொரு கோணத்தில் நோக்கினார். மின்னோட்டம் கண்ணிமைக்கும் நேரத்தில் கம்பியைக் கடந்துவிடுகிறது. மனிதரின் கையோ மெல்ல இயங்குகிறது. ஓர் எழுத்தை அனுப்பியபின் அடுத்த எழுத்தை அனுப்பும் வரை கம்பி வாளா கிடக்கிறது. நாள் முழுவதும் உழைப்பதாகத் தோன்றும் கம்பி, உண்மையில் பெரும்பொழுது ஓய்ந்தே இருக்கிறது. ஆகவே குறை கம்பியில் இல்லை. அதனைப் பயன்படுத்தும் முறையிலேயே உள்ளது என்று அவர் தெளிந்தார்.

ஒரு கம்பியைப் பலர் பயன்கொள்வது எங்ஙனம்? நம் ஊர்களில் உழவர்கள் ஒரே வாய்க்காலின் நீரைப் பல வயல்களுக்குப் பாய்ச்சும் முறையை எண்ணிப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும். ஒவ்வொரு வயலுக்கும் தனி வாய்க்கால் வெட்டுவாரில்லை. முறை வைத்து ஒருவர் மடையைத் திறக்கும்பொழுது பிறர் மடைகள் அடைபட்டிருக்கும். அவர் முறை முடிந்ததும் அடுத்தவர் மடை திறக்கும். வாய்க்கால் ஒன்றே, பயன் பெறுவோர் பலர். இம்முறையைக் கம்பிக்குப் பொருத்தினால் பலரும் ஒரே கம்பியில் செய்தி அனுப்பலாம். வயலில் முறை மாறச் சில மணி நேரம் ஆகும். கம்பியிலோ ஒரு விநாடிக்குள் பலமுறை மாறுதல் வேண்டும். வேறுபாடு அவ்வளவே.

இக்கருத்துப் போதோவின் உள்ளத்தில் மட்டும் தோன்றியதன்று. அவருக்குச் சற்று முன்னரே பிரெஞ்சுத் தந்தித் துறையைச் சார்ந்த மேயர் என்பவர், ஒரே கம்பியில் நால்வர் முறை வைத்து மோர்சுக் குறிகளை அனுப்பும் கருவியை அமைத்திருந்தார். மேயரின் முறைவைப்பையும் ஹியூசின் அச்சையும் ஒன்றுசேர்க்க வேண்டும் என்பதே போதோவின் நோக்கம். தந்தித் துறை அவருக்கு ஊக்கமளித்தது. ஆயினும் அலுவல் முடிந்தபின் தம் சொந்த நேரத்திலேயே அவர் ஆராய வேண்டியிருந்தது. பகலில் பணியும் இரவில் ஆராய்ச்சியுமாக அவர் நாட்கள் கழிந்தன.

ஐந்து குறிகள்

முறைவைப்பதற்கு ஓர் இடையூறு இருந்தது. மோர்சு முறையில் எழுத்துகள் ஒரே அளவின அல்ல. ஓர் எழுத்துக்கு ஒரு புள்ளி போதும்; மற்றோர் எழுத்துக்கு நான்கு குறிகள் வேண்டும். ஒருவர் எழுத்து விரைவில் முடிய, மற்றவர் எழுத்து நீளுமாயின் முறை எங்ஙனம் ஒழுங்காக நடைபெறும்? எல்லா எழுத்துகளும் ஒரே கால அளவினவாக இருந்தால்தான் அனைவருக்கும் சமமான பங்கு கிட்டும். எனவே சம அளவுடைய குறியீட்டுமுறை ஒன்று தேவைப்பட்டது.

மின்னோட்டத்துக்கு இரண்டே நிலைகளைக் கொண்டார் போதோ. ஒரு திசையில் செல்வது ஒரு நிலை. எதிர்த் திசையில் செல்வது மற்றொரு நிலை. இவ்விரண்டை மட்டும் கொண்டு எத்தனை எழுத்துகளைக் குறிக்கலாம்? இக்கணக்கு யாப்பிலக்கணம் பயின்ற தமிழ் மாணவர்க்குப் புதிதன்று. நேர், நிரை என அசைகள் இரண்டே. அவற்றால் ஆகும் ஈரசைச்சீர்கள் தேமா, புளிமா, கூவிளம், கருவிளம் என 4 ஆகும். மூவசைச்சீர்கள் 8. நாலசைச்சீர்கள் 16. ஓர் அசை கூடுந்தோறும் சீர்களின் எண்ணிக்கை இரட்டிக்கிறது. தேமா என்றதும் நேர் நேர் என்று நாம் உணர்வது போலவே, குறிகளின் ஒரு வரிசையைக் கண்டதும் ஓர் எழுத்தை உணரும்படி செய்துவிட்டால் அதுவே குறியீடு ஆகும்.

நான்கு குறிகள் சேர்ந்தால் 16 வகைகளே கிடைக்கும். உரோமன் எழுத்துகளோ 26. ஐந்து குறிகள் சேர்ந்தால் 32 வகைகள் கிடைக்கும். அவை எழுத்துகளுக்குப் போதும். ஆகவே ஒவ்வோர் எழுத்துக்கும் ஐந்து குறிகள் என்று போதோ வரையறுத்தார். எண்களுக்கும் நிறுத்தக் குறிகளுக்கும் என்ன செய்வது? அதற்கும் ஒரு வழி கண்டார். இனி வருவன எழுத்துகள் என்று அறிவிக்க ஒரு வரிசையும், இனி வருவன எண்கள் என்று அறிவிக்க மற்றொரு வரிசையும் ஒதுக்கினார். அதனால் அதே வரிசைகள் இருமடங்கு பணி செய்தன. ஐங்குறிக் கருத்தை ஜெர்மானிய அறிஞர்களாகிய காஸ், வேபர் ஆகியோரும் முன்னரே எண்ணியிருந்தனர். அதனை நாள்தோறும் பயன்படும் தொழிற்கருவியாக ஆக்கியதே போதோவின் பெருமை.

நான்கு உறுப்புகள்

போதோ அமைத்த கருவித் தொகுதியில் நான்கு உறுப்புகள் சிறப்புடையன. முதலாவது விசைப்பலகை. அதில் இருந்தவை ஐந்தே விசைகள். அவற்றுள் மூன்றை வலக்கை விரல்களாலும் இரண்டை இடக்கை விரல்களாலும் அழுத்துவர். முதல் விசையை மட்டும் அழுத்தினால் ஏ என்னும் எழுத்து. இரண்டாம் விசையை மட்டும் அழுத்தினால் ஈ என்னும் எழுத்து. ஐந்தையும் ஒருங்கே அழுத்தினால் பி என்னும் எழுத்து. உயிரெழுத்துகள் அனைத்தும் வலக்கையாலேயே முடியும்படி அமைத்தமை அவருடைய நுண்ணறிவைக் காட்டும். மனத்தில் எண்ணிய எழுத்தை மின்குறிகளாக மாற்றித் தருவது இவ்வுறுப்பின் தொழில்.

இரண்டாவது பங்கீட்டுச் சக்கரம். வட்டமான தட்டு ஒன்றில் பித்தளைத் துண்டுகள் வளையமாகப் பதிக்கப்பட்டிருக்கும். அவற்றின்மீது ஒரு கம்பித் தூரிகை இடையறாது சுழலும். நால்வர் பணி செய்யும் கருவியில் முதல் ஐந்து துண்டுகள் முதலாமவரின் ஐந்து விசைகளோடும், அடுத்த ஐந்து இரண்டாமவரின் விசைகளோடும், இவ்வாறே மற்றையன மற்றவர் விசைகளோடும் இணைந்திருக்கும். தூரிகை எத்துண்டைத் தொடுகிறதோ அதற்குரிய விசையின் குறி மட்டுமே அந்நொடியில் கம்பியில் ஏறும். பல வழிகளுள் ஒன்றைத் தேர்ந்து ஒரே பாதையில் விடும் மடை இதுவே.

மூன்றாவது, மறுமுனையில் உள்ள மற்றொரு பங்கீட்டுச் சக்கரம். அதுவும் அதே விரைவில் சுழன்று, கம்பியின் வழியே வந்த குறிகளை உரியவர்க்கு உரியனவாகப் பிரித்துக் கொடுக்கும்.

நான்காவது அச்சிடும் உறுப்பு. பிரிந்து வந்த ஐந்து குறிகளையும் ஐந்து மின்காந்தங்கள் வாங்கி வைத்துக்கொள்ளும். ஐந்தும் வந்து சேர்ந்ததும், அவ்வரிசை எவ்வெழுத்துக்கு உரியது என்பதை ஒரு பொறியமைப்புத் தேர்ந்து, அவ்வெழுத்தை நீண்ட தாள்நாடாவில் அச்சிடும். குறியை மீண்டும் எழுத்தாக்குவது இதன் தொழில்.

இத்தனையும் செம்மையாக நடைபெற ஒரு நிபந்தனை உண்டு. இரு முனைகளிலும் உள்ள சக்கரங்கள் ஒத்துச் சுழலுதல் வேண்டும். ஒன்று சிறிது முந்தினாலும், ஒருவர் அனுப்பிய குறி மற்றொருவர் கணக்கில் சேர்ந்துவிடும். செய்தி முழுவதும் குழம்பும். பல நூறு கிலோமீட்டர் தொலைவில் உள்ள இரண்டு சக்கரங்களை எங்ஙனம் ஒத்துச் சுழலச் செய்வது? போதோ இதற்குக் கண்ட வழி எளியது, அழகியது. ஒரு சக்கரத்தை மற்றதைவிட மிகச் சிறிதளவு விரைவாகச் சுழலவிட்டார். ஒவ்வொரு சுற்றிலும் திருத்தக் குறி ஒன்று கம்பியின் வழியே வரும். முந்திய அளவுக்கு அக்குறி தூரிகையைப் பின்னுக்குத் தள்ளிச் சரிப்படுத்தும். பிழை பெரிதாகும் முன்னரே சுற்றுதோறும் திருத்திக்கொள்வதே இதன் மறைபொருள்.

தந்தி அனுப்புவோரும் தாளத்துக்கு ஆடுவோர் போல் ஒழுங்காக இயங்க வேண்டியிருந்தது. தம் முறை வருவதற்குள் விசைகளை அழுத்தியிருத்தல் வேண்டும். அதனை நினைவூட்டச் சுற்றுதோறும் கருவி ஒரு தட்டொலி எழுப்பும். சக்கரம் ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ 180 முறை சுழலும்போது ஒவ்வொருவரும் நிமிடத்துக்கு 30 சொற்கள் வரை அனுப்பினர். நால்வர் சேர்ந்து அனுப்பினால் ஒரே கம்பியில் 120 சொற்கள் சென்றன. புதிய கம்பி ஒன்றும் இழுக்காமலே கம்பியின் பயன் நான்மடங்கு ஆயிற்று.

வெற்றியும் வழக்கும்

1874ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 17ஆம் நாள் போதோ தம் முறைக்குக் காப்புரிமை பெற்றார். மறு ஆண்டு தந்தித் துறை அதனை ஏற்றது. 1877ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் பாரிசுக்கும் போர்தோ நகருக்கும் இடையே அவர் கருவி இயங்கத் தொடங்கியது. 1878ஆம் ஆண்டு பாரிசில் நடைபெற்ற உலகக் கண்காட்சியில் அதற்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. பயிற்சித் தொழிலாளியாகச் சேர்ந்தவர் 1882ஆம் ஆண்டு ஆய்வுப் பொறியாளர் என்னும் உயர்நிலையை அடைந்தார். பிரெஞ்சு அரசின் உயர்ந்த சிறப்பாகிய லெஜியன் ஆஃப் ஆனர் விருதும் அவரை நாடி வந்தது.

ஆயினும் புகழின் பின்னே இன்னலும் வந்தது. மிமோ என்பவரும் அதே காலத்தில் ஐங்குறித் தந்தி முறையொன்றை அமைத்து, 1874ஆம் ஆண்டிலேயே காப்புரிமையும் பெற்றிருந்தார். அம்முறை ஐந்து தனிக் கம்பிகளைக் கொண்டது. தந்தித் துறை அதனை ஏற்கவில்லை. இக்கருத்துக்கு முதல் உரிமையாளர் தாமே என்று மிமோ 1877ஆம் ஆண்டு போதோவின்மீது வழக்குத் தொடுத்தார். வழக்கு மன்றம் முதலில் மிமோவின் பக்கமே தீர்ப்பளித்தது. பிற்றைநாளில் அத்தீர்ப்பு மாற்றப்பட்டு, வழக்கின் செலவு முழுவதும் மிமோவின் தலையில் விழுந்தது.

தோல்வியும் வறுமையும் மிமோவின் மனத்தைக் கலக்கின. அவர் அரசிடம் பெரும் பொருளும் பட்டமும் இழப்பீடாகக் கோரினார். அக்கோரிக்கையை ஆராய்ந்த குழு அதனை மறுத்தது. சினம் மூண்ட மிமோ, அக்குழுவின் தலைவராகிய ரேனோ என்னும் தந்தி அறிஞரைச் சுட்டுக் கொன்று சிறைத் தண்டனை அடைந்தார். ஒரே கருத்து இருவர் உள்ளத்தில் ஒரே காலத்தில் தோன்றுதல் அறிவியலில் அரிதன்று. யாருடையது என்னும் பூசல் முற்றினால் அறிவு பின்னிற்கும், வெகுளி முன்னிற்கும். ஒரு கம்பியைப் பலர் பகிர்வதற்கு வழி கண்ட கருத்தே, அதன் பெருமையைப் பகிர முடியாமல் ஓர் உயிரைப் பலி கொண்டமை வருந்தத்தக்கது.

போதோவின் தனி வாழ்விலும் துன்பம் சூழ்ந்தது. தந்திப் பணியில் சேர்ந்த சில ஆண்டுகளிலேயே அவர் உடல் நலம் குன்றியது. நோயால் அடிக்கடி பணிக்குச் செல்ல இயலாது போயிற்று. 1890ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் அவர் திருமணம் செய்துகொண்டார். ஏப்ரல் திங்களில் அவர் மனைவியார் உயிர் நீத்தார். மூன்று திங்களில் இல்லறம் முடிந்தது. இவ்வாறு உடலும் உள்ளமும் நைந்தபோதும் அவர் தம் கருவியைச் செப்பம் செய்வதை விடவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களிலேயே பாரிஸ், வான், லோரியான் ஆகிய மூன்று ஊர்களை ஒரே கம்பியில் இணைத்துக் காட்டினார். 1894ஆம் ஆண்டு பாரிசு நகரப் பங்குச் சந்தையும் இத்தாலியின் மிலான் நகரப் பங்குச் சந்தையும் அவர் கருவியால் செய்தி பரிமாறிக்கொண்டன.

உலகில் பரவுதல்

அவர் முறை பிரான்சோடு நிற்கவில்லை. இத்தாலி 1887ஆம் ஆண்டு அதனை மேற்கொண்டது. பின்னர் ஆலந்து, சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா, பிரேசில் முதலிய நாடுகளும் ஏற்றன. 1897ஆம் ஆண்டு இலண்டன் மாநகருக்கும் பாரிசுக்கும் இடையே அது வழங்கத் தொடங்கியது. இந்தியத் தந்தித் துறையிலும் பிற்காலத்தில் போதோ கருவிகள் பயன்பட்டன.

1903ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 28ஆம் நாள், பாரிசை அடுத்த சோ என்னும் ஊரில் போதோ இயற்கை எய்தினார். அப்போது அவருக்கு வயது 57.

அவர் மறைந்தாலும் அவர் வகுத்த ஐங்குறி மறையவில்லை. நியூசிலாந்து நாட்டவராகிய டொனால்டு மரே என்பவர் 1901ஆம் ஆண்டளவில் அதனைத் திருத்தியமைத்திருந்தார். அடிக்கடி வரும் எழுத்துகளுக்குத் தாள்நாடாவில் குறைந்த துளைகளே விழும்படி அவர் வரிசைகளை மாற்றினார். இவ்வழி வந்த தொலையச்சுப் பொறிகள், நெடுங்காலம் உலகெங்கும் செய்தி நிறுவனங்களிலும் தந்தி அலுவலகங்களிலும் இரவும் பகலும் ஒலித்தன. 1949ஆம் ஆண்டு கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்தில் இயங்கத் தொடங்கிய எட்சாக் என்னும் கணிப்பொறிக்கும் ஐந்துளைத் தாள்நாடாவின் வழியாகவே கட்டளைகள் ஊட்டப்பட்டன. இந்தியாவில் பொதுமக்களுக்கான தந்திப் பணி 2013ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் முடிவுற்றது. எனினும் போதோவின் பெயர் வாழ்கிறது. ஒரு விநாடியில் எத்தனை குறிகள் செல்கின்றன என்பதை அளக்கும் அலகுக்கு, 1920களில் அவர் பெயரின் முற்பகுதியைக் கொண்டு பாட் என்று பெயரிட்டனர். இன்றும் பொறியாளர் அச்சொல்லை வழங்குகின்றனர்.

இன்றைய மின்சுற்றுகள்

போதோவின் நான்கு உறுப்புகளும் இன்று நகத்தினும் சிறிய சிலிக்கான் துண்டுகளில் மின்சுற்றுகளாக உள்ளன. விசைப்பலகையின் தொழிலைச் செய்வது என்கோடர், அஃதாவது குறியாக்கி. குறியைப் பிரித்தறிந்து அதற்குரிய ஒரு வழியை மட்டும் இயக்குவது டிகோடர், அஃதாவது குறிவிலக்கி. பல குறிகளுள் ஒன்றைத் தேர்ந்து ஒரே பாதையில் விடுவது மல்டிபிளெக்சர். ஒரே பாதையில் வருவதைப் பல பாதைகளுக்குப் பிரித்து விடுவது டிமல்டிபிளெக்சர்.

இவற்றுள் சுழலும் தூரிகை இல்லை. அதன் இடத்தில் தேர்வுக் கம்பிகள் உள்ளன. ஒரு கம்பிக்கு 0, 1 என நிலைகள் இரண்டு. இரண்டு தேர்வுக் கம்பிகள் இருந்தால் 00, 01, 10, 11 என நான்கு கட்டளைகள் பிறக்கும். நான்கு உள்வழிகளின் வாயிலிலும் ஒவ்வொரு காவலர் நிற்பதாகக் கொள்வோம். ஒவ்வொருவரும் தமக்குரிய கட்டளை வந்தால் மட்டும் கதவைத் திறப்பர். பிற கட்டளைகளுக்கு அசையார். ஆகவே எந்நேரத்திலும் ஒரு வழியே திறந்திருக்கும். அவ்வழியே வந்த குறி பொது வெளிவழியில் சேரும். காவலரின் தொழிலைச் செய்வது உம்மை வாயில். அனைத்தையும் ஒரு வழியில் சேர்ப்பது அல்லது வாயில். 0 வந்தால் 1 என்றும் 1 வந்தால் 0 என்றும் மாற்றிக் கொடுப்பது இல்லை வாயில். தேர்வுக் கம்பிகள் மூன்றாயின் 8 வழிகளுள் ஒன்றையும், ஐந்தாயின் 32 வழிகளுள் ஒன்றையும் தேரலாம். அசை கூடச் சீர் இரட்டித்த அதே கணக்கே இங்கும் ஆட்சி செய்கிறது.

இச்சுற்றுகளின் பயனை நெடுந்தொலைவு சென்று தேட வேண்டுவதில்லை. ரெட்டிபாளையம் இன்று சிமெண்டு ஆலையால் பெயர் பெற்ற ஊர். சிமெண்டு ஆலைகளில் சுண்ணாம்புக்கல்லைச் சுட்டெடுக்கும் சூளையின் வெப்பத்தைப் பல இடங்களில் இடைவிடாது அளத்தல் வேண்டும். பல அளவிகளிலிருந்து வரும் குறிகளை முறைமுறையாகத் தேர்ந்து, ஒரே அளவைக் கருவிக்கு அனுப்பும் தொழிலை இத்தேர்வுச் சுற்றுகள் செய்ய வல்லன. கணிப்பொறியின் நினைவகத்தில் எண்ணற்ற அறைகளுள் வேண்டிய ஒன்றை மட்டும் திறந்து காட்டுவதும் குறிவிலக்கியே. ஒரே ஒளியிழையில் பல்லாயிரவர் பேச்சு ஒன்றோடொன்று கலவாமல் செல்வதும் முறைவைப்பின் பயனே.

போதோவின் வாழ்க்கை நமக்கு உணர்த்துவன பல. செல்வமும் பெருங்கல்வியும் இல்லாத நிலையில், கையிலுள்ளதை நன்கு பயன்படுத்துவது எப்படி என்று அவர் எண்ணினார். புதிய கம்பி வேண்டும் என்று பிறர் கூறியபோது, உள்ள கம்பியின் ஓய்வைக் கண்டார். முன்னோர் கண்டவற்றைப் புறக்கணியாமல் ஒன்றுசேர்த்துப் புதியது படைத்தார். சுற்றுதோறும் சிறுபிழையைத் திருத்தும் தம் சக்கரத்தைப் போலவே, தம் கருவியையும் ஆண்டுதோறும் திருத்தி வந்தார். ஒருவர் முறையில் மற்றவர் குறுக்கிடாமல், ஒவ்வொருவரும் தம் முறையைத் தவறாமல் ஆற்றினால், ஒன்றே ஆயினும் அனைவர்க்கும் போதும். கம்பிக்கு அவர் வகுத்த இவ்விதி, கூடி வாழும் மக்களுக்கும் பொருந்துவதாகும்.